எட்மண்ட் வொலர்: உள்நாட்டுப் போரிலே ஒரு கவிஞரின் அரசியல்

எழுத்தாளரொருவரின் அரசியல் நடத்தைக்கும் அவரது ஆக்கங்களுக்கும் இடையேயுள்ள உறவினை ஆராயப் புகும்போது எம்மிற் பலர் ஒரு குறுக்குவழியை நாடுவதுண்டு. அவர் எப்பக்கம் நின்றார் என்று கேட்கிறோம். விடை கிடைத்ததும் ஆராய்ச்சி முடிந்துவிட்டதாகக் கருதுகிறோம். பக்கம் மாறியவராயின் வேலை இன்னும் சுலபமாகிவிடுகிறது. ‘சந்தர்ப்பவாதி’ என்ற ஒரு சொல் அவரது நூல்களைப் படிக்கும் சிரமத்திலிருந்தே எம்மை விடுவித்துவிடுகிறது. மார்க்சிய நோக்கிலே இலக்கியத்தை அணுகுவோராகிய நாமும் இதற்கு விதிவிலக்கானவர்களல்லர். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிதையைப் பற்றி வகுப்பிலே பேச நேர்ந்தபொழுதெல்லாம் எட்மண்ட் வொலரை ஒரு வாக்கியத்திலே தள்ளிவிட்டு மில்ரனுக்குச் சென்றவர்கள் நாம். அந்த ஒரு வாக்கியம் போதாது என்பதை உணர்ந்தமையே இக்கட்டுரை எழுதக் காரணமாயிற்று.

வொலர் (1606–1687) இன்று இரண்டொரு காதற் பாடல்களுக்காகவே நினைக்கப்படுகிறார். ஆயின் அவர் வாழ்ந்த காலத்திலும், அவர் மறைந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலமும், ஆங்கிலச் செய்யுளைத் திருத்தியமைத்தவர் என்று போற்றப்பட்டார். அவ்வாறு போற்றியவர்களுள் ட்றைடன் முதல்வர். அதேவேளை வொலர் ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாராளுமன்ற அரசியலோடு தொடர்புடையவராயிருந்தார். இருபது வயதாகுமுன்னரே பொதுமக்கள் சபையிலே அமர்ந்த அவர், இரண்டாம் ஜேம்ஸ் 1685இற் கூட்டிய பாராளுமன்றத்திலும் உறுப்பினராயிருந்தார். அரசன் முதலாம் சாள்ஸின் சிறப்பைப் பாடினார். 1655இலே, அவ்வரசனின் மரண சாசனத்தில் ஒப்பமிட்ட ஒலிவர் குரொம்வெலைப் பாடினார். 1660இலே, கொல்லப்பட்ட அரசனின் மகன் திரும்பி வந்தபொழுது அவனையும் பாடினார். தாம் குரொம்வெலைப் பாடியதே மேலான கவிதை என்று இரண்டாம் சாள்ஸ் குறைகூறியபொழுது, கவிஞர்கள் உண்மையிலும் பார்க்கப் புனைவிலேயே சிறப்புறுவர் என்று வொலர் மறுமொழி கூறினாராம். கதை உண்மையோ புனைவோ, அவரது சமகாலத்தவர் அவரை எவ்வாறு கண்டனர் என்பதற்கு அது சான்றாகும்.

புகழ்ப்பாக்களைப் பற்றித் தமிழ் வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. புலவனும் புரவலனும் என்ற உறவு நாம் நன்கறிந்ததே. ஆனால் அந்த உறவை வொலருக்குப் பொருத்தினால் தவறிழைத்தவராவோம். பரிசில் நாடிப் பாடவேண்டிய நிலை அவருக்கு இருக்கவில்லை. பத்து வயதிலே தந்தையை இழந்தபோது அவருக்கு எஞ்சிய சொத்தின் வருமானம் ஆண்டுக்கு 3,500 பவுண் என்று டொக்டர் ஜோன்சன் குறிப்பிடுவர். அக்காலத்தில் அது பெருஞ்செல்வம். போதாக்குறைக்கு 1631இலே இலண்டன் வணிகரொருவரின் ஒரே வாரிசாகிய அன் பாங்ஸ் என்பவரை மணந்து அதனைப் பெருக்கிக்கொண்டார். நிலமும் நகர வணிகமும் ஒரு குடும்பத்திலே கலந்த இந்தத் திருமணம், அந்நூற்றாண்டு ஆங்கில நிலவுடைமை வர்க்கத்தின் வரலாற்றையே சிறிய அளவிற் காட்டுகிறது எனலாம். ஆகவே கேட்கவேண்டிய கேள்வி, ‘வொலர் எதனைப் பெறுவதற்காகப் பாடினார்?’ என்பதன்று, ‘எதனை இழக்காதிருப்பதற்காகப் பாடினார்?’ என்பதே.

இக்கேள்விக்கான விடை அவரது கவிதைகளில் அன்றிப் பாராளுமன்ற உரைகளிலேயே முதலிற் கிடைக்கிறது. 1640 ஏப்ரலிற் கூடிய குறுகிய பாராளுமன்றத்தில், மக்களின் குறைகள் தீர்க்கப்பட்ட பின்னரே அரசனுக்குப் பணம் வழங்கப்படல் வேண்டும் என்று வாதாடியவர்களுள் வொலரும் ஒருவர். அவ்வாண்டு நவம்பரிற் கூடிய நீண்ட பாராளுமன்றத்திலே அவர் இன்னும் முன்னணிக்கு வந்தார். அவரது தாய், ஜோன் ஹம்டனின் தந்தையோடு உடன்பிறந்தவர். பாராளுமன்றத்தின் சம்மதமின்றி அரசன் விதித்த கப்பல் வரியில் 20 சிலிங்கைக் கட்ட மறுத்து நாடறிந்த வழக்கிலே நின்ற அதே ஹம்டன்தான். அவ்வழக்கில் அரசனுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்த நீதிபதிகளுள் ஒருவரான குறோலிக்கு எதிரான குற்றப் பிரேரணையை 1641 ஜூலையிற் பிரபுக்கள் சபைக்கு முன்வைக்கும் பொறுப்பு வொலரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வுரை அச்சாகி ஒரே நாளில் 20,000 பிரதிகள் விற்பனையாயின என்று பழைய வாழ்க்கை வரலாற்றாசிரியர் கூறுவர். எண்ணை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அது பரவலாக வாசிக்கப்பட்டது என்பதே எமக்கு வேண்டியது. சட்டத்தின் பெயரால் ஒருவனின் உடைமையைப் பறிப்பது கொள்ளையினும் கொடிது என்பது அவ்வுரையின் சாரம்.

அதே ஆண்டிலே அவர் ஆற்றிய மற்றோர் உரையை இதனருகே வைத்து நோக்குதல் அவசியம். திருச்சபையை ஆயர்கள் ஆளும் முறை வேரோடும் கிளையோடும் ஒழிக்கப்படவேண்டும் எனக் கோரி 1640 டிசம்பரிலே இலண்டன் மக்கள் ஏறத்தாழ 15,000 பேரின் ஒப்பங்களுடன் ஒரு மனுவைக் கொணர்ந்தனர். கூட்டங்கூட்டமாக வந்து அதனைக் கையளித்தனர். இதுபற்றிய விவாதத்தில், ஆயராட்சியைத் திருத்தலாமேயன்றி ஒழிக்கலாகாது என்றார் வொலர். இவ்வுரையிலே ஆயர்கள் அருளப்பட்டவர்கள் என்றோ வேதத்தில் அவர்களுக்கு ஆதாரமுண்டு என்றோ அவர் வாதிடுவதில் அதிக அக்கறை காட்டவில்லை. ஆயராட்சி கோட்டையின் புறவரண் போன்றது என்பதே அவரது முதன்மையான வாதம். திரண்டு வந்து கேட்டால் எதனையும் மறுக்க இயலாது என்ற இரகசியம் மக்களுக்கு ஒருமுறை தெரிந்துவிட்டால், அரசனிடமிருந்து அண்மையில் அரும்பாடுபட்டு மீட்ட உடைமையை இனி மக்களிடமிருந்து காப்பாற்ற அதேயளவு பாடுபட நேரும். சமய விடயங்களிலே சமத்துவத்தைக் கேட்டவர்கள் அடுத்து உலகியல் விடயங்களிலும் சமத்துவத்தை, பண்டை உரோமிற்போல் நிலப் பங்கீட்டுச் சட்டத்தை, கேட்பர் என்று எச்சரித்தார்.

இதனிலும் தெளிவாகத் தன் வர்க்கத்தின் உள்ளக்கிடக்கையை வெளியிட்ட ஓர் உரையை அக்காலப் பாராளுமன்றப் பதிவுகளிற் காண்பது அரிது. குறோலிக்கு எதிரான உரையில் வொலர் அரசனுக்கு எதிரானவராகத் தோன்றுகிறார். ஆயர்கள் பற்றிய உரையில் அரசனின் கட்சியினராகத் தோன்றுகிறார். இரண்டையும் ஒருசேரப் படிக்கும்பொழுது அவர் மாறவேயில்லை என்பது புலனாகும். மேலிருந்து வந்த அச்சுறுத்தலுக்கும் கீழிருந்து வந்த அச்சுறுத்தலுக்கும் எதிராக அவர் காத்து நின்ற பொருள் ஒன்றே.

1642 ஆகத்திலே அரசன் நொட்டிங்காமிற் கொடியேற்றிப் போர் தொடங்கியபின்னரும் வொலர் வெஸ்ற்மின்ஸ்ரரிலேயே இருந்தார். போருக்கு எதிராக வெளிப்படையாகப் பேசினார். 1643இன் தொடக்கத்தில் ஒக்ஸ்போட்டிலே அரசனோடு சமாதானம் பேசச் சென்ற பாராளுமன்றத் தூதுக்குழுவிலும் இடம்பெற்றார். பேச்சு முறிந்தது. அதன்பின்னரே ‘வொலர் சதி’ எனப்படும் நிகழ்ச்சி வருகிறது. வரிச்சுமையாலும் போராலும் சலிப்புற்றிருந்த இலண்டன் வசதிபடைத்தோரை ஒன்றுதிரட்டி, வரிகொடாதிருக்கச் செய்து, பாராளுமன்றத்தைச் சமாதானத்துக்குப் பணியவைப்பது வொலரின் திட்டமாயிருந்ததாகத் தோன்றுகிறது. ஆயுதங்கொண்டு நகரைக் கைப்பற்றும் இன்னொரு திட்டம் அரசனின் ஆட்களால் இதனோடு பிணைக்கப்பட்டது. மே 31ஆந் திகதி சதி வெளிப்படுத்தப்பட்டது.

இவ்விடத்திலே சற்றுத் தாமதிக்க வேண்டியுள்ளது. ஏனெனில் வர்க்கநலன் என்னும் திறவுகோல் இதுவரை எல்லாக் கதவுகளையும் திறந்தது, இக்கதவைத் திறக்கவில்லை.

கைதான வொலர் தமக்குத் தெரிந்ததையும், தெரிந்தும் தெரியாதவற்றையும் கூடச் சொல்லிவிட்டார். போட்லண்ட் பிரபு, கொன்வே பிரபு ஆகியோரைக் குற்றஞ்சாட்டினார். போதிய சான்றின்மையால் அவர்கள் பின்னர் விடுதலையாயினர். அவரது சகோதரியின் கணவரான நத்தானியல் தொம்கின்ஸும், நகர வணிகரான றிச்சட் சலோனரும் தப்பவில்லை. ஜூலை 5ஆந் திகதி அவ்விருவரும் தத்தம் வீடுகளுக்கு அருகிலேயே தூக்கிலிடப்பட்டனர். அதற்கு முதல்நாள், துக்க உடையணிந்து பொதுமக்கள் சபையின் முன் நின்ற வொலர், தம் உயிருக்காக ஓர் உரை நிகழ்த்தினார். உறுப்பினரொருவரை இராணுவ நீதிமன்றத்திடம் ஒப்படைத்தல் சபையின் சிறப்புரிமைக்கே ஆபத்து. இன்று என்னை ஒப்படைத்தால் நாளை படையே உங்கள் எசமானாகிவிடும் என்று எடுத்துக்காட்டினார். தன்னுயிரைக் காக்கச் சொன்ன வாதம் ஆறு ஆண்டுகளுள் உண்மையாயிற்று: 1648 டிசம்பர் 6ஆந் திகதி கேணல் பிறைட் படையினரோடு சபை வாயிலில் நின்று வேண்டாத உறுப்பினரைத் தடுத்து நிறுத்தினார். வொலர் உயிர் தப்பினார். சபையிலிருந்து நீக்கப்பட்டு, கோபுரச் சிறையில் ஓராண்டுக்கு மேல் வைக்கப்பட்டு, 10,000 பவுண் தண்டம் செலுத்தி, 1644இன் இறுதியில் நாடுகடத்தப்பட்டார்.

சதி வெளிப்பட்டதற்கும் தூக்குத் தண்டனை நிறைவேறியதற்கும் இடைப்பட்ட அந்த ஐந்து வாரங்களிலேதான், சல்குறோவ் களத்தில் ஜூன் 18ஆந் திகதி காயமுற்ற ஜோன் ஹம்டன் ஜூன் 24ஆந் திகதி இறந்தார். ஒரே குடும்பம், ஒரே மாவட்டத்து நிலவுடைமை, ஒரே கப்பல் வரி எதிர்ப்பு. ஒருவர் தாம் தொடங்கியதன் விளைவைத் தம்முடலில் ஏற்றார், மற்றவர் தம் மைத்துனரைக் கொடுத்துத் தப்பினார். 1970கள் தொட்டு கொன்றாட் ரசல் முதலான வரலாற்றாசிரியர், இப்போரில் இரு பக்கத்திலும் ஒரே வகையான நிலவுடைமையாளர் நின்றனர் என்பதைக் காட்டி, ‘பூர்ஷ்வாப் புரட்சி’ என்ற விளக்கத்தையே மறுத்துவந்துள்ளனர். அவர்களின் முடிவை நாம் ஏற்கவில்லை. ஆயின் அவர்கள் காட்டிய சான்றுகளைக் காணாததுபோற் கடந்து செல்வதும் நேர்மையாகாது. ஒருவர் எவற்றுக்கு அஞ்சக்கூடும், எவ்வெல்லைக்கு அப்பாற் சிந்திக்க மாட்டார் என்பதை வர்க்கநிலை வரையறுக்கிறது. அவ்வெல்லைக்குள் அவர் ஹம்டனாவாரா வொலராவாரா என்பதை அது முன்கூட்டித் தீர்மானிப்பதில்லை. இந்த இடைவெளியை ஒப்புக்கொள்வதனால் மார்க்சிய விமர்சனம் வலுவிழந்துவிடும் என அஞ்சுவோர் அதனை ஒரு வாய்பாடாகவே கற்றவர்கள்.

கிளாரண்டன் பிரபுவின் மதிப்பீட்டையும் இங்கு நோக்கலாம். வொலரின் பேச்சு வன்மையும் இனிய பழக்கமும் அவரது கோழைத்தனத்தையும் இழிவையும் மறைத்துவிட்டன. அவரைக் கொல்லத் துணிந்தவர்களிடமிருந்தே அவை அவர் உயிரைக் காத்தன என்பது அவரது தன்வரலாற்றிற் காணப்படும் கூற்றின் சாரம். பின்வந்த விமர்சகர்கள், ஜோன்சன் உட்பட, இதனை அடியொற்றியே எழுதினர். கிளாரண்டன் இதனை எழுதியது பிரான்சிலே அகதியாக வாழ்ந்தபொழுது; 1667இல் அவரைப் பதவியிலிருந்து வீழ்த்திக் குற்றப் பிரேரணை கொணர்ந்தவர்களின் அணியில் வொலர் இருந்தார். இந்தப் பகையை மறந்து அவரது சித்திரத்தை வரலாற்றின் தீர்ப்பாகக் கொள்வது தவறு. எனினும் கிளாரண்டன் கூறியது பொய்யென்றும் நாம் கூறவில்லை. அவர் கோழையைக் கண்டார். கோழை எதனைப் பேசினான் என்பதைக் கேட்கவில்லை. 1641இல் வொலரின் அதே அச்சமே கிளாரண்டனையும் அரசனிடம் கொண்டு சேர்த்தது என்பதால் அவர் அதனைக் கேட்டிருக்கவும் முடியாது.

வொலர் பிரான்சில் இருந்த காலத்திலே, 1645இல், அவரது கவிதைத் தொகுதி இலண்டனில் வெளியாயிற்று. பதிப்பாளர் ஹம்பிறி மோஸ்லி. அதே மோஸ்லி அதே ஆண்டின் பெயரால் மில்ரனின் முதற் கவிதைத் தொகுதியையும் வெளியிட்டார். வொலரின் நூலுக்குக் கிடைத்த வரவேற்பே தம்மை ஊக்கியது என்று மில்ரனின் நூன்முகத்தில் எழுதினார். பாராளுமன்றம் நாடுகடத்திய சதிகாரனின் நூல் விற்ற பணத்தில் பாராளுமன்றத்தின் தலைசிறந்த எழுத்தாளனின் நூல் அச்சேறியது என்று சொன்னால் அது முற்றிலும் மிகையாகாது. நூற்சந்தைக்கு அன்றும் தனி விதியுண்டு.

இதற்கிடையே இங்கிலாந்தில் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாக நினைவுகூர்தல் வேண்டும். அவையின்றேல் 1655இன் புகழ்ப்பா விளங்காது. 1647 அக்டோபர் இறுதியிலே பட்னியில் படையினரின் பிரதிநிதிகளும் தளபதிகளும் வாக்குரிமை பற்றி விவாதித்தனர். மிக வறியவனுக்கும் வாழ ஓர் உயிருண்டு, ஆகவே அவன் சம்மதமின்றி அவனை ஆளுதல் முறையன்று என்று கேணல் றெயின்ஸ்பறோ வாதிட்டார். குரொம்வெலின் மருமகனான அயர்ட்டன் அதனை மறுத்தார். பிறந்தமையாலேயே வாக்குரிமை உண்டெனின், அதே நியாயத்தால் பிறன் உடைமையிலும் உரிமை கொண்டாடலாமே என்றார். நிலமோ வணிகச் சங்க உரிமையோ உடையவனே நாட்டில் நிலையான பற்றுடையவன் என்றார்.

1641இல் வொலர் கூறிய வாதம் இதுவேயன்றோ! அரசனின் ஆதரவாளனாகச் சதிசெய்து நாடுகடத்தப்பட்டவரும், அரசனின் தலையை வெட்டச் செய்தவர்களுள் முதன்மையானவரும், தம்முள் அறியாமலே ஒரே வாக்கியத்தைப் பேசுகின்றனர். பட்னியின் விவாதம் வாளாலேயே முடித்துவைக்கப்பட்டது. 1649 மே மாதத்திலே லெவலர்கள் எனப்பட்ட சமத்துவவாதிகளைச் சார்ந்த படையினரின் கிளர்ச்சி பேர்போட்டில் அடக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலிலே புனித ஜோர்ஜ் குன்றின் தரிசு நிலத்தைக் கூட்டாகக் கொத்திப் பயிரிடத் தொடங்கிய வின்ஸ்ரன்லியின் டிக்கர்களும் விரட்டப்பட்டனர். நிலப் பங்கீட்டுச் சட்டம் பற்றிய வொலரின் அச்சத்தை நீக்கியவன் அரசனல்லன். அரசனைக் கொன்ற குரொம்வெலே நீக்கினார். 1651 நவம்பரில் வொலரின் நாடுகடத்தல் ஆணை நீக்கப்பட்டது. அதற்கு அவரது இன்னொரு மைத்துனரான கேணல் ஏட்றியன் ஸ்குறூப்பின் செல்வாக்கு உதவியது என்பர். ஸ்குறூப், அரசனின் மரண சாசனத்தில் ஒப்பமிட்டவர்களுள் ஒருவர்.

1654 செப்டெம்பரிலே தமது பாராளுமன்றத்துக்கு உரையாற்றிய குரொம்வெல், பிரபு, கனவான், உழவர் என்ற படிநிலையே நாட்டின் நலன் என்று கூறி, அதனைத் தகர்க்க முயன்ற லெவலர்களைச் சாடினார். மறுவருடம் வொலரின் ‘காவற்பிரபுவுக்குப் புகழ்ப்பா’ வெளிவந்தது. இதனை வெறும் முகமன் என்று கொள்வோர் இரண்டையும் சேர்த்துப் படிக்காதவர்கள். வொலரின் ஆக்கங்களில் இதுவே மிகச் சிறந்தது என்று இரண்டாம் சாள்ஸே உணர்ந்தாராயின் அதன் காரணம் எளிது: இதிலே அவர் பொய் சொல்லவில்லை. தன் வர்க்கத்துக்கு வேண்டிய அமைதியைத் தந்தவனை அவர் மனமாரப் புகழ்கிறார். குரொம்வெலை அவர் அரசனின் எதிரியாகக் காட்டவில்லை. உட்கட்சிகளை அடக்கியவராக, கடலின் தலைவராக, சிதறியதை ஒன்றாக்கியவராகவே காட்டுகிறார்.

கவிதையின் மையத்திலே ஒரு பகுதி உண்டு. இங்கிலாந்து உலகின் நடுவே கடல் சூழ அமர்ந்திருக்கிறது. அராபியாவின் வாசனைத் திரவியங்களை அதன் வெயிலிற் காயாமலே அது நுகர்கிறது. பட்டுப்பூச்சி வளர்க்காமலே பாரசீகப் பட்டுடுத்துகிறது. கொடி நடாமலே எல்லா நாட்டு வைனையும் பருகுகிறது. பொன்னைத் தோண்ட உடல் வருந்தவேண்டியதில்லை. உலோகங்களிற் பாரமான அது தானே கடலில் நீந்தி வந்து சேர்கிறது. அழகான வரிகள், மறுப்பதற்கில்லை. கப்பலேற்றாட்சிச் சட்டம் 1651இல் நிறைவேறியிருந்தது. யமேக்கா 1655இற் கைப்பற்றப்பட்டது. பொன் நீந்தாது. யாரோ தோண்டினர், யாரோ சுமந்தனர், யாரோ கப்பலேற்றினர். அவ்வரிகளிலே நடாதே, வளர்க்காதே, வருந்தாதே என அடுக்கப்படும் எதிர்மறைகள் அனைத்தும் உழைப்பின் மறுப்புகளேயாம். வணிகப் பேரரசொன்றின் கருத்துநிலை அது முழுவுருப் பெறுமுன்னரே செய்யுளாகிவிட்டது. வாசனைத் திரவியம் புறப்பட்ட கரைகளில் வாழும் எம்மைப் போன்ற வாசகர்க்கு இவ்வரிகள் வேறொரு பக்கத்திலிருந்து கேட்கின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வொலரின் யாப்பினையும் இவ்விடத்திலேயே கருதவேண்டும். இரண்டடிகளுக்குள்ளே பொருள் முற்றுப்பெற, ஒவ்வோரடியும் நடுவிலே சமனாகப் பிரிந்து, ஒரு பாதி மற்றப் பாதிக்கு எதிரொலியாகும் ஈரடிச் செய்யுளை மெருகூட்டியவர் அவர். புகழ்ப்பாவும் ஈரடிகள் இரண்டிரண்டாக இணைந்த நாலடிக் கண்ணிகளால் ஆயது. டன் முதலிய முன்னைய கவிஞர்களின் முரட்டு வாக்கியங்களுக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது. ட்றைடன் 1664இல் எழுதிய முன்னுரையொன்றில், எதுகையை ஒரு கலையாக்கியவர் வொலரே என்று பாராட்டினார். இந்த ஒழுங்கினை உள்நாட்டுப் போரின் பின் ஒழுங்கை நாடிய வர்க்கத்தின் நேரடிப் பிரதிபலிப்பு என்று எழுதிவிடுவது எளிது. நாமும் ஒருகால் அவ்வாறு எழுதியிருப்போம். ஆனால் வொலர் இந்த நடையைப் போருக்கு முன்பே, 1630களிலேயே, பழகத் தொடங்கிவிட்டார். போர் இந்நடையை உண்டாக்கவில்லை. அதற்கு வாசகரை உண்டாக்கியது. தனியொரு கனவானின் அவைநாகரிகமாகத் தொடங்கியது, 1650களின் பின் ஒரு வர்க்கத்துக்குத் தேவையான மொழியாகிவிட்டது. முரண்பட்ட இரண்டினை எதிரெதிரே நிறுத்தி, மோதவிடாமல், எதுகையால் இணக்கி முடித்துவிடும் வசதி அந்த ஈரடிக்குள் இருந்தது.

அன்ட்றூ மார்வெல் 1650இல் குரொம்வெல் அயர்லாந்திலிருந்து மீண்டமை குறித்து எழுதிய ஓடையை ஒப்பிட்டால் இது தெளிவாகும். மார்வெலும் குரொம்வெலைப் பாடியவர். அவரும் 1659 முதல் இறக்கும்வரை ஹல் நகரின் பாராளுமன்ற உறுப்பினர். அவரும் முடியாட்சி மீட்சிக்குப் பின் உயிர் வாழ்ந்தவர். ஆயின் அந்த ஓடையிலே தூக்குமேடையில் நிற்கும் அரசனின் கண்ணியமும், அவனை வீழ்த்திய ஆற்றலின் தவிர்க்கவியலாமையும், ஒன்றையொன்று விழுங்காமல் நிற்கின்றன. நீளடியும் குற்றடியுமாக மாறிமாறி வரும் அதன் யாப்பே வாசகனை அமைதியாக உட்காரவிடுவதில்லை. பழைய உரிமை நியாயமானது, ஆனால் அது வலியவர் கையிலேயே நிற்கும் என்ற கசப்பான உண்மையை மார்வெல் நேர்நின்று நோக்குகிறார். வொலரின் புகழ்ப்பாவில் அரசனின் தலை எங்கே விழுந்தது என்று தேடினாலும் காணமுடியாது.

பின்னர் இவ்விரு கவிஞரும் நேரடியாகவே மோதினர். 1665 ஜூனில் லோஸ்ரொவ்ற் கடற்போரில் யோர்க் கோமகன் ஒல்லாந்தரை வென்றதைப் பாராட்டி, ஓவியனுக்குக் கட்டளையிடுவதுபோல் வொலர் ஒரு கவிதை எழுதினார். 1667 ஜூனிலே ஒல்லாந்தர் மெட்வே ஆற்றிற் புகுந்து ஆங்கிலக் கப்பல்களை எரித்து, கொடிக்கப்பலையும் இழுத்துச் சென்றனர். வொலரின் அதே உத்தியைத் தலைகீழாக்கி எழுதப்பட்ட அங்கதங்கள் கைப்பிரதிகளாகப் பரவின. அவற்றுள் மிக நீண்டதும் கூரியதுமான ‘ஓவியனுக்கு இறுதிக் கட்டளைகள்’ மார்வெலுடையது. ஈரடிச் செய்யுளைக் கொண்டே வொலரின் ஓவியத்தை அவர் கிழித்தார். ஆகவே யாப்பு தன்னளவில் எந்த வர்க்கத்துக்கும் அடிமையன்று என்பதற்கும் இதுவே சான்று. மேலே நாம் கூறியதை இதனோடு சேர்த்தே வாசகர் கொள்ளவேண்டும்.

பக்கம் மாறுவது வொலரின் தனிக்குணமும் அன்று. குரொம்வெல் மறைந்ததும் 1659இல் வெளியான இரங்கற் பாடல் தொகுதி ஒன்றில் வொலர், ட்றைடன், தொமஸ் ஸ்பிறற் ஆகிய மூவரும் எழுதினர். அடுத்த ஆண்டு ட்றைடனும் வொலரைப் போலவே திரும்பிவந்த அரசனைப் பாடினார். ஸ்பிறற் காலப்போக்கில் றொச்செஸ்ரர் ஆயரானார். ஒரு வர்க்கம் முழுவதுமே தன் காவலனை மாற்றிக்கொண்டிருந்தது. கவிஞர்கள் அதன் ஓசையைத் தந்தனர். மில்ரன் மட்டுமே மீட்சியின் வாயிலில், 1660இன் தொடக்க மாதங்களில், குடியரசுக்காகத் துண்டுப்பிரசுரம் எழுதிக்கொண்டிருந்தார்; கண்பார்வையும் இல்லை, கேட்போரும் இல்லை. மில்ரனை உயர்த்துவதற்காக வொலரைத் தாழ்த்துவது எமது நோக்கமன்று. ஒருவர் இருந்தமை மற்றவர் தவிர்க்கமுடியாதவர் அல்லர் என்பதைக் காட்டுகிறது, அவ்வளவே.

மீட்சியின் பின் வொலர் ஹேஸ்ரிங்ஸ் தொகுதியின் உறுப்பினராக மீண்டும் சபைக்கு வந்தார். முதிய வயதிலே அவர் சபையின் செல்லப்பிள்ளை. அவரது நகைச்சுவை கேட்கவே உறுப்பினர் கூடினர் என்பர். ஒன்றைச் சொல்லாமல் விடுதல் நீதியன்று: திருச்சபையின் கட்டுப்பாட்டுக்கு அடங்காத சமயக் குழுவினரைத் தண்டிக்கும் சட்டங்கள் வந்தபொழுது, சகிப்புத்தன்மை வேண்டும் என்று அவர் தொடர்ந்து பேசினார். கூட்டமாக வந்து நிலங்கேட்கும் ஆபத்து நீங்கிவிட்டபடியால் அவர்களைத் தனித்தனியே பொறுத்துக்கொள்ள முடிந்தது என்று நாம் சொல்லக்கூடும். அவ்வாறு சொல்வது சரியாகவும் இருக்கலாம். எனினும் எண்பதை நெருங்கிய ஒருவர், தமக்கு எவ்வித இலாபமும் இல்லாத ஒரு விடயத்தில், பெரும்பான்மைக்கு எதிராக எழுந்து பேசியமையையும் நாம் பதிவுசெய்யவேண்டும்.

அவர் 1687 ஒக்ரோபர் 21ஆந் திகதி பீக்கன்ஸ்பீல்ட்டிலே காலமானார். அவர் வேண்டிநின்ற ஏற்பாடு, அரசனும் கட்டுப்பட்டு மக்களும் கட்டுப்பட்டு உடைமை மட்டும் கட்டற்று நிற்கும் ஏற்பாடு, மறுவருடமே வந்தது. 1690இல் அவரது கவிதைகளின் இரண்டாம் பகுதி வெளியானபொழுது, அதன் முன்னுரை அவரை ஆங்கில மொழியைச் செப்பனிட்டவராகக் கொண்டாடியது.

அவரது மைத்துனர் இருவரைப் பற்றி மேலே குறிப்பிட்டோம். தொம்கின்ஸை 1643இல் பாராளுமன்றம் தூக்கிலிட்டது, வொலரின் வாக்குமூலத்தின்பேரில். அவரை நாட்டுக்கு மீட்டுத்தந்த ஸ்குறூப்பை 1660 ஒக்ரோபர் 17ஆந் திகதி அரசன் கொல்வித்தான், வொலர் அவ்வரசனின் வருகையைப் பாடிச் சில மாதங்களுக்குள். அரசர், அரசியர், கோமகன், காவற்பிரபு, சீமாட்டியர் என எத்தனையோ பேருக்கு அவரது தொகுதிகளிலே கவிதைகள் உண்டு. இவ்விருவர் பெயராலும் ஒன்றும் இல்லை.